கற்பூரம் அண்ணை மியூசியம் போனார்

உலகத்தில் கற்பூரம் கொளுத்த முடியாத இடம் என்று ஒன்று இல்லை என்பதை நிரூபிப்பதற்காகவே ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவர் கற்பூரம் அண்ணை. கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தார். தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பாவித்ததாக எனக்கு நினைவில்லை.

புதிதாக எது தொடங்கினாலும் அவருக்குப் பயம். புதுக் கட்டில், புதுச் சலவை மெஷின், புது வேலை, எதுவென்றாலும் ஒன்றுதான். "முதல் நாள் சரியா நடந்தாக் காணும் தம்பி, பிறகு பாத்துக்கொள்ளலாம்" என்பார். அடுத்த நிமிடம் சட்டைப்பையிலிருந்து கற்பூரக் கட்டியும் நெருப்புப் பெட்டியும் வெளியே வந்துவிடும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நம்பர் துண்டு தருகிற மெஷினுக்கே ஒருமுறை தீபம் காட்டினார். அன்றைக்கு அதிகாரியோடு அவருக்கு இருந்த டெர்மின், அந்தச் சந்திப்பு, நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு அவரை யார் திருத்துவது?

நாங்கள் புது சோபா வாங்கிய அன்று நான் வேலையால் வருவதற்குள் அவர் வந்து அதைச் சுற்றிப் புகை காட்டிவிட்டார். கூரையில் இருந்த அலாரம் அலறியது. எதிர்வீட்டு ஜெர்மன்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டாள். நான் தெருமுனையில் திரும்பியபோது வாசலில் இரண்டு சிவப்பு வண்டிகள் நின்றன. மேலே ஓடிப் போனால், கற்பூரம் அண்ணை தலைக்கவசம் போட்ட ஒருவருக்கு வடை கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவருடைய நெற்றியில் திருநீறு இருந்தது.

"பயப்பிடாதையும் தம்பி. எல்லாம் நல்ல பெடியள்" என்றார் எனக்கு.

என் மகள் அபி கார் லைசன்ஸ் எடுக்கப் போன நாளில் இவர் விடியவே போய்ப் பரீட்சைக் காரின் முன்சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்துவிட்டார். பரீட்சை அதிகாரி குனிந்து அதைப் பார்த்தார். அதை யார், எதற்காக வைத்தார்கள் என்று தெரியும்வரைக்கும் தான் காரில் ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அபிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் பாஸ் பண்ணியது தன்னுடைய திறமையால். ஆனால் கற்பூரம் அண்ணை இன்றுவரைக்கும் அந்தத் தேசிக்காயைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதரை ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற, ஒல்லாந்தரின் ஓவியங்களும் சரித்திரமும் நிரம்பிய அந்தப் பெரிய மியூசியத்துக்குக் கூட்டிப்போவது புத்தியுள்ளவன் செய்கிற வேலையா? நான் செய்தேன்.

விசயம் இதுதான். அபி முதலில் தாயின் சொல்லைக் கேட்டுப் பல் டொக்டரிடம் உதவியாளராக ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தாள். பிறகு யார் சொல்லையும் கேட்காமல் ஓவியச் சரித்திரம் படித்தாள். "படம் பாக்கிறதுக்கு ஒரு படிப்போ?" என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். அந்த மியூசியத்தில் ஜெர்மன் ஆட்களுக்குச் சுற்றிக்காட்டுகிற வேலைக்கு அவளைப் பயிற்சியில் எடுத்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை அவள் தனியாக ஒரு குழுவைக் கூட்டிப்போகவேண்டும். மேலதிகாரி பின்னால் வந்து கவனிப்பார். சரிவந்தால் நிரந்தர வேலை. சரிவராவிட்டால் திரும்பவும் பல்லுத்தான்.

"அப்பா, நீங்கள் வாங்கோ. ஆனால் என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதேங்கோ" என்றாள் போனில். "குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்திட்டாள் எண்டு நினைப்பினம். கற்பூரம் மாமா மட்டும் வேண்டாம். கடைசியாக் காட்டப்போறது நடராசரை."

தஞ்சாவூர்ப் பக்கத்து வெண்கல நடராசர் ஒருவர் அந்த மியூசியத்தில் நிற்கிறார். கண்ணாடிப் பெட்டி இல்லை, கம்பி வேலி இல்லை. ஆள் உயரத்துக்குக் கிட்ட இருப்பார். அவரையும் கற்பூரம் அண்ணையையும் ஒரே அறையில் நினைத்துப் பார்த்தபோதே எனக்கு வேர்த்தது.

நான் அண்ணைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை விடிய நான் கார்க் கதவைத் திறந்தபோது, அவர் வெள்ளைச் சட்டை போட்டு, பெரிய விபூதிக் குறியோடு பக்கத்தில் வந்து நின்றார். என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

"பிள்ளையின்ர முதல் நாள். நான் வராமல் ஏலுமே?"

"அண்ணை, அங்க கொளுத்த ஏலாது. பிள்ளையின்ர வேலை போயிடும்."

"ஓம், ஓம். எனக்குத் தெரியாதே?" என்றார். அந்த "ஓம், ஓம்" எனக்குப் பழக்கமானது. நம்பர் மெஷினுக்கு முன்னாலும் அதையேதான் சொன்னவர்.

வழி முழுக்க நான் வீதியைப் பார்த்ததைவிட அவருடைய சட்டைப்பையைப் பார்த்ததுதான் கூட. ஆம்ஸ்டர்டாமில் காரை நிறுத்தியதும் பொலிஸ்காரன் மாதிரி அவரைத் தடவிப் பார்த்தேன். சட்டைப்பையில் ஒரு பெட்டி கற்பூரம். காற்சட்டைப்பையில் நெருப்புப் பெட்டி. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இன்னும் இரண்டு கட்டி. எல்லாவற்றையும் காருக்குள் பூட்டினேன். சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என்னைக் கள்ளன் எண்டே நினைக்கிறீர்?" என்றார்.

உள்ளே பன்னிரண்டு பதினைந்து ஜெர்மன்காரர் நின்றார்கள். அவர்களோடு நாங்களும் போய்ச் சேர்ந்தோம். அபி எங்களைப் பார்த்தாள். கற்பூரம் அண்ணையைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்டேன். பின்னால் நெட்டையான ஒரு ஒல்லாந்துப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதுதான் மேலதிகாரி.

முதல் அறைகளில் ஒரு குறையும் இல்லை. அபி நன்றாகத்தான் பேசினாள். பால் ஊற்றுகிற வேலைக்காரியின் படத்துக்கு முன்னால் மட்டும் அண்ணை என் காதுக்குள் வந்து, "இவ்வளவு காலமா ஊத்துது பிள்ளை, சட்டி இன்னும் நிரம்பேல்லைப் போல" என்றார். "வாயை மூடுங்கோ அண்ணை" என்றேன். பீரங்கிகளைக் கண்ட இடத்தில், "எங்கட ஊர் ஒல்லாந்தர் கோட்டையிலயும் இப்பிடித்தான்" என்று தொடங்கினார். நான் காலை மிதித்தேன்.

கடைசியில் அந்த அறைக்கு வந்தோம்.

நடராசர் நின்றார். அவரை நான் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். நேரில் காண்பது அதுதான் முதல்தரம். அபி தொடங்கினாள். "இது தென்னிந்தியாவில்..." அவ்வளவுதான், நின்றுவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நானும் திரும்பினேன்.

கற்பூரம் அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நின்றார். இரண்டு கையும் நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தன. சீருடை போட்ட காவலாளி ஒருவர் மூலையிலிருந்து அவரை நோக்கி நடந்தார். குழு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அபிக்கு வாய் திறக்கவில்லை. அவள் இரவிரவாகப் பாடமாக்கிய டொச் மொழிப் பேச்சு முழுக்க அந்த நேரம் பறந்துபோய்விட்டது. மேலதிகாரி கட்டிய கையை அவிழ்த்தாள். சரி, எல்லாம் முடிந்தது, திரும்பவும் பல்லுத்தான் என்று நான் நினைத்தேன்.

அண்ணை அபியின் முகத்தைப் பார்த்தார். பிறகு நடராசரைப் பார்த்தார். திரும்பவும் அபியைப் பார்த்தார். மேலே வந்த கைகள் கீழே இறங்கின.

"புதுச் சப்பாத்து. கடிக்குது" என்று காவலாளிக்கு டொச்சில் சொன்னார். குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார், கயிற்றையும் கட்டினார். நடராசருக்கு முன்னால், சப்பாத்துக் காலோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு விரலைத் தூக்கி, டொச்சிலேயே கேட்டார்.

"மன்னிக்கவேணும் மிஸ். இந்த ஐயா ஆர்?"

எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு திருவாதிரைக்கும் பச்சைத் தண்ணியில் குளித்துவிட்டு நடராசரைக் கும்பிடக் கோயிலுக்கு ஓடுகிற மனிதர் அவர்.

அபி நடராசரின் பக்கம் திரும்பினாள். "இவர்... இவர் சிவன்."

"ஏன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிக்கிறார்?"

"ஆடுறார்."

"காலுக்குக் கீழ கிடக்கிறவர் ஆர்? பாவமெல்லே?"

"அவர் முயலகன். அறியாமை எண்டு வைச்சுக்கொள்ளலாம்." அவளுடைய குரல் ஏறத் தொடங்கியது.

"கையில நெருப்பு வைச்சிருக்கிறாரே. இங்க அலாரம் அடிக்காதோ?"

குழு முழுக்கச் சிரித்தது. காவலாளி சிரித்தார். அபியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது. நெருப்பைச் சொன்னாள், உடுக்கைச் சொன்னாள், ஆயிரம் வருசத்துக்கு முன்னால் இதை வார்த்தவர்கள் எப்படி வார்த்தார்கள் என்று சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. எங்கள் வீட்டில் பழஞ்சோறு சாப்பிட்ட பிள்ளையா இது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முடிந்ததும் அந்த நெட்டைப் பெண்தான் முதலில் கைதட்டினாள்.

கற்பூரம் அண்ணை கைதட்டவில்லை. எல்லாரும் போனபின்னும் நடராசரைத் திரும்பிப் பார்க்காமல் என்னோடு வெளியே வந்தார்.

எல்லையைத் தாண்டும்போது அபி போன் எடுத்தாள். "அப்பா, வேலை தந்திட்டினம்." அவளும் அழுதாள், நானும் அழுதேன். "மாமாட்டைச் சொல்லுங்கோ" என்றாள். மாமா பக்கத்தில்தான் இருந்தார். "சந்தோசம் பிள்ளை" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அவர் இவ்வளவு நேரம் வாய் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதும் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"என்ன அண்ணை, ஏலாமல் கிடக்கோ?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சப்பாத்தோட நிண்டிட்டன் தம்பி. கும்பிடவும் இல்லை. முகத்துக்கு நேர பாத்து, ஆர் இவர் எண்டும் கேட்டிட்டன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பார்?"

நான் கோயிலுக்குப் போவதே தேருக்குத்தான், அதுவும் சாப்பாட்டுக்கு. சாமி சங்கதியில் எனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்த ஒட்டோபான் வீதியில், அபியின் தகப்பனாக, எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

"அண்ணை, அவருக்கு உங்களை நல்லாத் தெரியும்" என்றேன்.