குப்புற அண்ணனும் ஐந்நூறு குஞ்சுகளும்

ஆனைமலைப் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தினமும் காலையில் பத்து நிமிடம் கோழிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துக் கிடப்பவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்களுக்கு அவர் குப்புற அண்ணன்.

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பண்ணைகளுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்க்கச் சொல்லும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். கையில் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம். அவருடைய ஷெட்டில் நுழைந்ததும் மூச்சை இழுத்து, 'காற்று: நன்று' என்று குறித்தேன். தரையிலிருந்து குரல் வந்தது.

"அம்மணி, நீங்க அஞ்சடி ஒசரத்துல மோந்து பாக்கறீங்க. கோழி ஒசரம் ஒரு அடிதானுங்களே?"

படுத்தேன். எச்சத்தின் நெடியில் கண் எரிந்தது. எழுந்து 'நன்று' என்பதை அடித்தேன்.

வெயில் காலத்தில் கோழிகள் குடிக்கும் குழாயில் நாக்கை வைத்துத் தண்ணீர் சுடுகிறதா என்றும் பார்ப்பார். ஒருமுறை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த உறவுக்காரர், வெள்ளைக் கோழிகளுக்கு நடுவே அசையாத இரண்டு கால்களைப் பார்த்து ஒப்பாரியே வைத்துவிட்டார். "மெதுவா அழுவுங்க மாமா, கோழி மெரளுது" என்றது கால்களுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

அந்த மழைக்காலத்தில் கம்பெனி, அதே ஷெட்டில் அடுத்த முறை ஐந்நூறு குஞ்சு கூடுதலாக விடச் சொன்னது. மறுத்தால் குஞ்சே கிடையாது. அவருக்கு இருந்ததோ அந்த ஒரு ஷெட்தான். அவர் மறுத்தார். மேனேஜரே நேரில் வந்தார்.

"ஏனுங் சார், ஒரே நிமிசம் படுத்துப் பாருங்க."

"நானுங்களா? சட்டை வெள்ளைங்க!"

"கோழியும் வெள்ளைதானுங்க. அதுக படுக்குலீங்களா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். வேறு வழியின்றி அவர் படுத்தார். சாரலுக்குப் பக்கத் திரையெல்லாம் இறக்கி, காற்று அடைந்து கிடந்த நேரம். அரை நிமிடத்தில் கண்ணீரும் தும்மலுமாக எழுந்தார்.

"இருக்கறதுக்கே இப்படிங்க. இன்னும் ஐந்நூறு சேந்தா அதுக எங்கீங்க போகும்? கதவத் தொறந்துட்டுப் போறதுக்கு நமக்குத்தானுங்க முடியுது."

மேனேஜர் வெகுநேரம் மூக்கைத் துடைத்தார். "பழைய கணக்கே இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, சட்டையெல்லாம் இறகோடு காரில் ஏறினார்.

இப்போது நான் ஆர்.எஸ்.புரத்தில் நாய், பூனைகளுக்கு ஊசி போடுகிறேன். ஒவ்வொரு முறை குஞ்சு வந்ததும் அண்ணனிடமிருந்து போன் வரும்: "அம்மணி, குஞ்சு எறங்கிருச்சுங்க. எப்ப வாரீங்க?"

அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படுத்துவிட்டு வருகிறேன்.