பயப்பட ஒன்றுமில்லை, உடும்புதான்

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். என் மனைவி போனில் உன்னிடம் அழுதாளாமே? அதைக் கேட்டுவிட்டு, இங்கே வந்து எங்களோடு தங்கும் யோசனையைக் கைவிட்டுவிடாதே. தீயணைப்பு வண்டியில் காலமெல்லாம் ஓடியவன் நான். ஒரு உடும்புக்கா பயப்படுவேன்?

ஏரிக்கரை வீடு என்றால் நாலு ஜீவன்கள் வரத்தான் செய்யும். போன வாரம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து இவள் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, யாரோ ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறாங்க."

"பக்கத்து வீட்டு பிளம்பரா இருக்கும்."

"அவருக்கு நாக்கு ரெண்டா பிளந்திருக்குமா?"

போய்ப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு ஒரு உடும்பு, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. கை தட்டினேன், கத்தினேன். ஓடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிதானமாக இறங்கி, வாலை இழுத்தபடி வீட்டைச் சுற்றியது. அந்தச் சரசரப்பு ஒவ்வொரு சுவராக நகர்ந்து வந்து, வாசல் கதவருகே நின்றது. அதற்கப்புறம் பிளம்பர் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின, அடுத்து அவர் பூனையும் காணாமல் போனது. "சார், உங்க வீட்டுப் பக்கம்தான் போகுது" என்று, ஏதோ நான் வளர்க்கிற மாதிரி அந்த மனுஷன் முறைக்கிறார். முந்தாநாள் குளிக்கும்போது முகமெல்லாம் சோப்பு, பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது, இவள்தான் என்று நினைத்து, "துண்டைக் குடு" என்று கையை நீட்டினேன். கையில் பட்டது துண்டு இல்லை, அக்கா. நுரையோடு நான் தெருவுக்கு வந்ததைத்தான் இவள் உன்னிடம் பெரிதுபடுத்தியிருப்பாள்.

பாம்பு பிடிக்கிறவர் வந்தார். அவர் வாலைப் பிடித்து இழுக்க, அது தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டது. உடும்புப்பிடி என்று எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன், அர்த்தம் அன்றுதான் புரிந்தது. கடைசியில் குழாயும் சேர்ந்தே பெயர்ந்து வந்தது. சாக்கில் கட்டித் தூக்கும்போது, "பயப்படாதீங்க சார், இது சின்னதுதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஏரிக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டாயிற்று. இப்போது இங்கே பரம அமைதி. தவளைகூடக் கத்துவதில்லை. உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறோம், தைரியமாக வா.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: இதை மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், படுக்கையறை வாசலில் தொடை பருமனுக்கு ஒரு வால் கிடந்தது. "அசையாத! வால் இங்க கிடக்கு" என்று இவளுக்குக் குரல் கொடுத்தேன். சமையலறையிலிருந்து மெல்லப் பதில் வந்தது: "தலை இங்க இருக்குங்க." நடுவில் முழுக் கூடம் இருக்கிறது, அக்கா. இரண்டு உடும்பாக இருக்கலாம். இருக்க வேண்டும். நின்று பார்க்கவில்லை, ஆளுக்கொரு ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டோம். இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சு வரவில்லை, அதனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இதை உன் வீட்டுக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். படித்ததும் கதவைத் திற. கொஞ்சம் சீக்கிரம்.