வலி, வலி, வலி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், ஒரு பாட்டை முடிக்காமல் விட்டதுதான். 'சைக்கடெலிக் ராக்' என்று உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அந்த ஞான இசை, 1966-இல் ஒரு ஞாயிறு பிற்பகல், சான் பிரான்சிஸ்கோவில் எங்கள் பேட்டையின் பழைய நடன மண்டபத்தில் அவதரித்தது. டெக்சாஸ்காரர்களும் லண்டன்காரர்களும் அது தங்கள் ஊரில்தான் பிறந்தது என்பார்கள். அவர்களுக்கு வேறு வேலையில்லை.

'மின்சார முட்டைக்கோஸ்' குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர் டெல்பர்ட். மாமனாரின் சலவைக்கடை வேனை ஓட்டி, குழுவைச் சுமந்ததும் அவரே. ஆகவே வாசலில் வாளியில் வைத்து வழங்கப்பட்ட, போதைமருந்து கலந்த 'விசேஷ' ஆரஞ்சுச் சாறு அவருக்கு மட்டும் விலக்கு. குடித்தவர்களுக்குச் சுவர் மூச்சுவிடுவது தெரிந்தது. டெல்பர்ட்டுக்குக் காரை பெயர்ந்திருப்பது தெரிந்தது.

குழுவில் ஒரே சட்டம். கிடார் வாசிக்கும் காஸ்பர் கண்ணைத் திறந்து தலையசைத்தால்தான் பாட்டு முடியும். அதற்கு முன் நிறுத்துகிறவன் 'பிரபஞ்ச உணர்வின் விரோதி'. அன்று முதல் பாட்டிலேயே காஸ்பர் கண்ணை மூடினார். மூடியது மூடியதுதான்.

டிக்கெட் கொடுக்கும் மாட்ஜ் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தாள்.

"டெல்பர்ட்டு! உன் பொண்டாட்டி போன் பண்ணா. இடுப்புவலி கண்டிருச்சாம். வேனைக் கொண்டாங்கிறா!"

"அய்யய்யோ! பாட்டு முடிஞ்சதும் வந்துடறேன்னு சொல்லு!"

"எப்ப முடியும்?"

டெல்பர்ட் காஸ்பரின் மூடிய கண்களைப் பார்த்தார். "அது அவனுக்கே தெரியாது."

முடிவுக்கான அடியை ஓங்கி அடித்து நிறுத்திப் பார்த்தார். 'புதிய பரிமாணம்' என்று கூட்டம் ஆர்ப்பரித்தது; காஸ்பர் வேகத்தைக் கூட்டினார். டெல்பர்ட் ஒரு குச்சியை அவர் முதுகில் வீசினார்.

"மச்சி, என்னை யாரோ தொட்டாங்கடா," என்றார் காஸ்பர், பரவசமாக.

"அது நீயேதான் மச்சி," என்றார் பேஸ் வாசித்த லைல்.

கடைசியில் டெல்பர்ட் மைக்கை இழுத்து அலறினார்.

"நிறுத்துங்கடா! என் பொண்டாட்டிக்கு வலி!"

மைக் எதிரொலிப் பெட்டியோடு இணைந்திருந்தது. "வலி... வலி... வலி..." என்று மண்டபம் முழுக்க உருண்டது. பாசிமணி மாலை அணிந்த கூட்டம் கண்ணீர் மல்க, "வலி! வலி!" என்று திருப்பிப் பாடியது. முன்வரிசைத் தாடிக்காரர் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

இங்கேதான் சரித்திரம் திரும்பியது. டிரம்ஸ்காரனை யார் பார்க்கிறார்கள்? இப்போதோ மண்டபமே டெல்பர்ட்டின் வாயைப் பார்த்தது. வேன் சாவி தொடையைக் குத்தியது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு, மறுபடி "வலி!" என்றார். கூட்டம் பொங்கியது. உள்ளதைச் சொல்லிவிடலாம்: சாறு குடிக்காமலே அவருக்கும் சுவர் மூச்சுவிடத் தொடங்கியது.

மாட்ஜ் மறுபடி வந்தாள். "போன்ல அழுவுறாய்யா!"

"இதோ, இதோ!" என்றார் டெல்பர்ட், தாளம் பிசகாமல்.

அடுத்த முறை, "இப்ப நானே போன் பண்ணேன், யாரும் எடுக்கல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஃபியூஸ் எரிந்துதான் பாட்டு நின்றது. டெல்பர்ட் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பக்கத்து வீட்டு மீன்காரரின் லாரியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வந்து சேர்ந்த வில்மா, அதற்குள் பெண் குழந்தை பெற்றிருந்தாள். அவரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்றே டெல்பர்ட் நினைத்தார்.

பத்திரிகைகள் 'ஒரு தலைமுறையின் ஓலம்' என்று எழுதின. 'மனிதனின் வேதனைக்கு மனிதன் செவிசாய்த்த நாள்' என்று ஒரு விமர்சகர் உருகினார். இசைத்தட்டும் வந்தது. டெல்பர்ட் அதை வீட்டுக்கு எடுத்துவந்து, குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்த வில்மாவிடம் நீட்டினார். நடுவே 'வலி' என்று பாட்டின் பெயர். கீழே, 'சொல்லும் இசையும்: டெல்பர்ட்'.

"என் பேரைப் போட்டிருக்கான் பாரு, கண்ணு!"

வில்மா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"வலி என்னுது. ஊரே கேட்டுச்சு. ஓடி வந்தது மீன்காரர் ஒருத்தர்தான். அவர் பேரு எங்கய்யா?"