நீச்சல் குளத்தை விசாரித்த வாளிக்காரர்

வாளிக்காரரைப் போல ஒரு சந்தேகப் பேர்வழி திண்டுக்கல் பக்கத்தில் இன்னொருவர் பிறக்கவில்லை. டீக்கடையில்கூட கிளாஸை வெயிலில் தூக்கிப் பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தொட்டி, குழாய், மொட்டைமாடி என்று எங்கே தண்ணீர் கசிந்தாலும் கண்டுபிடித்து அடைப்பது அவர் தொழில். எங்கே போனாலும் கையில் ஒரு வாளி இருக்கும். உண்மையான பெயரைக் கேட்டால், "எதுக்குக் கேக்குறீங்க?" என்பார். அதோடு நாங்களும் விட்டுவிட்டோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் சித்தப்பா வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம் கட்டினார். குடிதண்ணீருக்கு ஊரே குடத்தோடு அலைந்த காலம். அப்போது குளம் கட்டத் தனித் துணிச்சல் வேண்டும். சித்தப்பாவிடம் துணிச்சல் இருந்தது, நீச்சல்தான் தெரியாது. படியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நானும் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தேன்.

அந்தக் குளத்தில் தினமும் நாலு விரல் தண்ணீர் குறைந்தது. கிணற்று மோட்டாரைப் போட்டு நிரப்பினால் மறுநாளும் நாலு விரல். சித்தப்பாவின் சந்தேகம் தோட்டக்காரர் கருப்பையா மேல் விழுந்தது. குளத்துக்குப் பின்னால் அவர் கீரைப் பாத்தி போட்டிருந்தார். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. தண்ணீரைத் திருடிப் பாய்ச்சுகிறான் என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். "நான் தொடல மொதலாளி" என்று கருப்பையா சொன்னது எடுபடவில்லை. வருஷக்கணக்காக வேலை பார்த்த மனிதர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொந்த ஊரான எரியோட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். திருட்டுப் பட்டம் அவருக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் தட்டிப்போகும் நிலைமை.

கருப்பையா போன பிறகும் தண்ணீர் குறைந்தது. சித்தப்பா அசரவில்லை. அவனுக்கு இந்த வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கே ஓடிப்போய் வாளிக்காரரை அழைத்து வந்தேன்.

வந்தவர் குளத்தைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைத்தான் மேலும் கீழும் பார்த்தார். எத்தனை தடவை குளிக்கிறீர்கள், ஈரத்துண்டை எங்கே பிழிகிறீர்கள், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உண்டா என்று விசாரித்தார். அடுத்து சித்தி, நான், நாய். நாய் குடிக்கும் தண்ணீரை அளந்தே பார்த்துவிட்டார். பிறகு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, இரண்டின் மட்டத்திலும் பெயின்ட்டால் கோடு போட்டார். வெயில் குடித்தால் இரண்டிலும் ஒரே அளவு குறைய வேண்டும் என்றார். மறுநாள் வாளியில் நூலளவுதான் குறைந்திருந்தது, குளத்தில் அதே நாலு விரல். வெயிலை விடுதலை செய்தார். மற்றவர்களை இன்னும் செய்யவில்லை.

"மோட்டாரத் தொடாதீங்க மொதலாளி. எம்புட்டு எறங்குதோ எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கி, குளத்துச் சுவரில் பதித்திருந்த விளக்கின் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு நாள் பார்த்தோம், வெயில் குடித்த நூலளவைத் தவிர அதற்குக் கீழே இறங்கவே இல்லை. வாளிக்காரர் சித்தப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"களவாங்குறவன் லைட்டுக்குக் கீழ உள்ள தண்ணிய மட்டும் எதுக்கு விட்டுவைக்கணும்?"

விளக்குக்கு ஒயர் போகும் குழாயைச் சுற்றி ஒழுங்காகப் பூசவில்லை, அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கீரைப் பாத்திக்குப் போகிறது என்றார் வாளிக்காரர். ஆனால் அடைக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"கருப்பையா வரட்டும். பழி போட்டீங்கள்ல, அவரு கண்ணால பாக்கட்டும். சம்பந்தி வீட்டாளுகளையும் கூட்டியாங்க."

மறுநாள் காலையில் சித்தப்பா தானே காரை எடுத்துக்கொண்டு எரியோட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினாரோ தெரியாது, திரும்பி வந்த காரிலிருந்து கருப்பையாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் இறங்கினார்கள்.

விளக்குக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். வாளிக்காரர் மின்சாரத்தை நிறுத்தி, எங்களை நம்பாமல் ப்யூஸையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் சின்னாளப்பட்டிக்காரர், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் குடும்பம். அந்தச் சிவப்புச் சாயத்தைப் பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். யாரும் அசையக் கூடாது, தும்மக் கூடாது என்று உத்தரவு. விளக்கின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். சாயம் பரவாமல், சிவப்பு நூலாக நீண்டு சுவருக்குள் போய் மறைந்தது.

மாப்பிள்ளையின் அப்பா இன்னொரு சொட்டு விடச் சொன்னார். வாளிக்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கருப்பையா குத்தவைத்து உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். வாளிக்காரர் தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசையைப் பிசைந்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே அடைச்சிருங்க அப்பு."

கருப்பையா வேட்டியோடு இறங்கினார். வழுக்கிவிடாமல் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டது சித்தப்பா.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தி நேரத்தில் வாளிக்காரர் தண்ணீர் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து அடியைத் தடவிக்கொண்டிருந்தார். கருப்பையா அவரை இழுத்துக்கொண்டு போய் சம்பந்திக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்து, தானே நின்று பரிமாறினார். வாளிக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு. இன்றைக்கும் இருக்கிறது.