இடப்பக்கம் சுற்றும் போனோகிராஃப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். போனில் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடுவதில்லை. கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

"பழைய பாட்டுப் பெட்டியெல்லாம் காலி பண்ணுக்கா, அத்தான் பாவம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல நண்டு மாதிரி நடக்குறாரு" என்றாய். முடியாது. அவர் நண்டு மாதிரி நடப்பது உண்மைதான். அதில் அவருக்குத் தொப்பை குறைந்திருக்கிறது. அப்புறம், அவை பாட்டுப் பெட்டிகள் இல்லை. தட்டு சுற்றினால் கிராமபோன், மெழுகு உருளை சுற்றினால் போனோகிராஃப். வேலையில் இருந்த காலமெல்லாம் காது பரிசோதனை அறையில் உட்கார்ந்து "கேக்குதா, கேக்குதா" என்று ஊரையே விசாரித்து ஓய்வு பெற்றவள் நான். இனி எனக்குப் பிடித்ததை நான் கேட்டுக்கொள்கிறேன், அதை யாரும் தடுக்க வேண்டாம்.

இப்போது வந்திருப்பதைப் பற்றி யாரோ உன்னிடம் கோள் மூட்டியிருக்கிறார்கள், ஆகவே நானே சொல்கிறேன். இடித்த வீட்டுச் சாமான் விற்பவரிடம் குளியலறைக்கு ஒரு கதவு பார்க்கப் போனேன். ஜன்னல்களுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. "தையல் மிஷின்மா. நல்லா ஓடும், தையல் மட்டும் விழாது" என்றார். மூடியைத் தூக்கினேன். உள்ளே ஸ்பிரிங், மரை வெட்டிய நீளக் கம்பி, ஒரு முனை சிறுத்த உருளை. போனோகிராஃப்! ஆனால் முகத்தில் காட்டவில்லை. கதவை வாங்கவில்லை, பெட்டியை வாங்கினேன். குளியலறையில் இன்னும் திரைதான் தொங்குகிறது, அதையும் உன்னிடம் சொல்லியிருப்பார்கள்.

பெட்டியோடு ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பித்தளைக் குழல் ஒன்றும் இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கேட்டார், பக்கத்தில் நின்றவர் குப்பைத்தொட்டி என்று நினைத்து ஆரஞ்சுத் தோலைப் போட்டார், இறங்கும்போது குழல் கண்டக்டரின் பையில் மாட்டிக்கொள்ள, அவரும் என்னோடு இறங்கிவிட்டார். பஸ் அவரை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. இதற்கெல்லாம் நான் வெட்கப்படவில்லை.

செய்தவர் பெயர் எங்கும் இல்லை. பெயர்த் தகட்டைப் பிடுங்கியிருந்தால் ஆணி ஓட்டையாவது இருக்கும், அதுவும் இல்லை. கைப்பிடி இடப்பக்கமாகச் சுற்றுகிறது. பல்சக்கரங்களின் பற்கள் கடிகாரத்தில் இருப்பது போல மெலிந்தவை, ஒவ்வொன்றும் அரத்தால் ராவியது. கம்பெனி சரக்கு இல்லை, ஏதோ கடிகாரக்காரர் தன் கையால் செய்தது என்றேன். பழம்பொருள் சேகரிப்போர் சங்கத் தலைவர் பூதக்கண்ணாடியோடு பார்க்க வந்தார். வேறு இடம் இல்லாததால் குளியலறை வாசலில் மேசை போட்டிருந்தேன்.

"இடப்பக்கம் சுத்துங்க சார்" என்றேன்.

"நான் பாக்காத மிஷினாம்மா" என்று வலப்பக்கம் முறுக்கினார். கைப்பிடி கையோடு வந்தது. அவர் பின்னால் போய், திரையோடு சேர்ந்து, அத்தான் ஊறவைத்திருந்த துணி வாளியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, "இது அசலே இல்ல, ரெண்டு மிஷினை உடைச்சு ஒட்டியிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார். அதே மூச்சில், "குடுங்க, எடுத்துட்டுப் போய் ஆராய்ச்சி பண்றேன்" என்றார். ஒன்றுக்கும் ஆகாத சாமானை இடுப்பு வரை நனைந்த மனிதர் எதற்குக் கேட்கிறார்? கொடுக்க மாட்டேன் என்றேன். அத்தானின் வேட்டியைக் கட்டிக்கொண்டு கோபமாகப் போனார், வேட்டி இன்னும் வரவில்லை.

அவர் போனபின் கைப்பிடியைத் திரும்ப மாட்டும்போது, பெட்டியின் அடியறையில் பஞ்சில் பொதிந்த மெழுகு உருளை ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் குரலைச் சுரண்டிவிடும், ஆகவே ஒரே ஒரு தடவைதான் என்று அத்தானிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஓட்டினேன். அடுப்பில் ஏதோ பொரிவது போல முதலில் இரைச்சல், அப்புறம் இருமல். பிறகு ஒரு பெண் குரல், தெளிவாக: "யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க? மனுஷன் உக்கார இடமில்ல, இதை எங்க வைக்கறது?" ஓர் ஆண் குரல் பயந்துபோய், "மெதுவா பேசு, எல்லாம் பதியுது" என்றது. "பதியட்டும். நாளைக்கு வர்றவங்களும் கேக்கட்டும்" என்றாள் அவள். அத்தோடு முடிந்தது.

அத்தான் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "அந்தம்மா யாரோ தெரியலையே" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் பெயரும் இல்லை, அவள் கணவன் பெயரும் இல்லை, சண்டை மட்டும் நம் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்கிறாயா? சங்கமே திரண்டு வந்தாலும், நீயே லாரியோடு வந்தாலும், இந்த மிஷின் என் வாசற்படியைத் தாண்டாது. உனக்குக் கோபம் என்றால் கொஞ்ச நாள் பேசாமல் இரு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல செவியோடும் நீண்ட ஆயுளோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாறப்போவதில்லாத உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சாமான் கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். இடித்தது அவருடைய தாத்தா வீடாம். பெட்டியைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறார் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா பார்க்க வேண்டும் என்றார். ஒரே தடவைதான் என்ற என் கண்டிப்பை நானே மீறி உருளையை ஓட்டினேன். அந்தப் பெண் பேசத் தொடங்கியதுமே குழலுக்குள் காதை வைத்தார். "எங்க பாட்டியா இருக்கணும். ஆனா இது அப்படியே என் பொண்ணு குரல்ங்க. கோவம் வந்தா இப்படியேதான் பேசுவா. யார் மாதிரி பொறந்திருக்கான்னு இத்தனை நாளா எங்க யாருக்கும் தெரியாது" என்றார். நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காரில் வைத்தேன், இடப்பக்கம்தான் சுற்ற வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். அக்கா வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைக்காதே. அவர்கள் வீட்டுப் பரணில் இதேபோல இன்னும் பெரிதாக ஒன்று இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தானும் போகிறோம்.