மூன்று பலகைகளும் ஒரு கறுப்புப் புத்தகமும்

மனிதகுலம் இதுவரை எழுதியது, இனி எழுதப்போவது எல்லாவற்றையும் மூன்றே சொற்களில் அடக்கிவிடலாம்: உண்மை, புராணம், கற்பனை. இந்த மாபெரும் பேருண்மையைக் கண்டறிந்தவர் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஆலோசகர். கண்டறிந்த கையோடு மதிய ரயிலைப் பிடித்துத் திரும்பிப் போய்விட்டார். அந்தச் சொற்களை எழுதிய மூன்று ஆரஞ்சுப் பலகைகளையும் தொங்கவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய நூலகர் விபெக்கேயின் கையில் ஒரு புத்தகம் மட்டும் மிஞ்சி நின்றது.

கறுப்புத் தோல் அட்டை. மேலே பொன்னிறச் சிலுவை மட்டும், எழுத்து எதுவும் இல்லை. பித்தளைக் கொக்கி போட்டு இறுக மூடியிருந்தது. துறைமுகத்து மாலுமிகள் மன்றத்தை இழுத்து மூடியபோது வந்த பெட்டியில் இருந்தது. டென்மார்க்கின் கடலோரச் சிற்றூரான ஸ்கால்பியின் நூலகத்துக்கு இருந்த ஒரே வேதப்புத்தகம் அதுதான்.

"எங்க பாஷையில ஏதாவது வந்துச்சாம்மா?" என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. பின்லாந்துக்காரரான கேப்டன் தபானி. அவருடைய மரக்கப்பலின் இயந்திரம் பழுதாகித் துறைமுகத்தில் நின்றதிலிருந்து தினமும் வந்து கேட்கிறார்.

"ஃபின்னிஷ்ல ஒண்ணுமே இல்லையே கேப்டன். மீன் படம் போட்ட புஸ்தகம் தரட்டுமா?"

"மீனைக் கப்பல்லயே பார்த்துக்கறேன்" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

விபெக்கே புத்தகத்தைப் புராணத்தில், சுத்தியல் ஏந்திய இடிக்கடவுள் தோரின் கதைகளுக்குப் பக்கத்தில் செருகினாள். கடவுளுக்குப் பக்கத்தில் கடவுள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே பாதிரியார் மோகென்ஸ் வாசலில் நின்றார்.

"ஆண்டவரைக் கொண்டுபோய் ஒரு சுத்தியல்காரன் பக்கத்துல உட்கார வெச்சிருக்கியேம்மா!"

"அங்கதான் இடம் இருந்துச்சு பாதிரியாரே."

"கோயிலுக்கு வர்றவங்களே விரல் விட்டு எண்ணற மாதிரி. அவங்க இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அவங்க நூலகத்துக்கும் வர்றதில்லையே."

பாதிரியார் நேராக நகராட்சிக்குப் போனார். அரை மணியில் உறுப்பினர் ப்ரேபென் தொலைபேசியில் வந்தார். "விபெக்கே, எனக்குச் சண்டை ஆகாது. ஏற்கெனவே உன் கிளையை மூடிட்டுப் பெரிய ஊர் நூலகத்தோட சேர்த்துடலாம்னு ஒரு கூட்டம் அலையுது. சேர்த்தா உனக்கு அங்கே திரும்பி வர்ற புஸ்தகத்துல சாக்லேட் கறை துடைக்கிற வேலைதான். பார்த்துக்கோ."

விபெக்கே வேதப்புத்தகத்தை உண்மைக்கு மாற்றினாள். அங்கே ஒரே ஒரு இடுக்குதான் காலியாக இருந்தது: ஒரு பக்கம் வருமான வரி, மறு பக்கம் பன்றி நோய்கள்.

பன்றி நோய்களைத் தேடி வந்தவர் டோர்கில். பண்ணைக்காரர். ஊரில் தோரை வழிபடும் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். கழுத்தில் தொங்கிய வெள்ளிச் சுத்தியல் மேசையில் இடிக்க இடிக்கப் பேசினார்.

"அவங்க சாமி உண்மைன்னா எங்க சாமியும் உண்மை. நேத்து ராத்திரி இடி இடிச்சுதே, நீ கேட்கலை?"

"அது மின்சாரம்" என்றாள், வானியல் அடுக்குக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்ட ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ரிக்மோர்.

"அந்த மின்சாரத்தை யாரு விடறதாம்?"

"ஏன், உங்க வீட்டு பில்லும் அவர்தான் அனுப்பறாரா? விபெக்கே, சூரியன் நடு வானத்துல நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கிற வேதம் இங்க இருந்தா, என் கோள்கள் புஸ்தகத்தை எடுத்துக் குப்பையில போடு. நானும் ப்ரேபெனுக்கு எழுதறேன்."

சாக்லேட் கறை விபெக்கேயின் கண்முன் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் சிலுவையையும் சுத்தியலையும் சேர்த்துக் கற்பனைக்குக் கொண்டுபோனாள். ஆனால் கற்பனையில் எல்லாம் ஆசிரியர் பெயர் வரிசைப்படிதான். யோசித்து யோசித்து, வேதப்புத்தகத்தின் முதுகுச் சீட்டில் 'பலர்' என்று எழுதி ஒட்டினாள்.

"பலரா?" என்று பாதிரியார் அலறினார். "அவர் ஒருவரே!"

"ஒருத்தரா? பிதா, சுதன், ஆவின்னு மூணு பேரை நீங்கதானே சொல்வீங்க?" என்றார் டோர்கில். "எங்க வீட்டுச் சாமிங்களாவது எத்தனைன்னு தைரியமா ஒத்துக்குவாங்க."

"யோவ், உன் சாமி ஆட்டு வண்டியில போறவன்யா!"

"உங்காளு கழுதையில வந்தாரு. அதுக்கென்ன இப்ப?"

ரிக்மோர் மட்டும் திருப்தியாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலே மற்ற இருவரையும் இன்னும் கொதிக்கவைத்தது.

இரண்டு பேரும் ஒருவழியாக வெளியேறியதும், எந்தப் பலகைக்கும் கீழே இல்லாத ஓர் இடத்தை விபெக்கே தேடினாள். வாசலருகே ஒரு தள்ளுவண்டி நின்றது. புத்தகத்தை அதன்மேல் வைத்துவிட்டு நிம்மதியாகக் காபி போடப் போனாள். அது கழித்துக்கட்டிய புத்தகங்களை ஐந்து குரோனருக்கு விற்கிற வண்டி என்பது, பாதிரியார் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"ஐந்து குரோனரா!" என்றார் பாதிரியார். குடையை எடுக்காமலே மறுபடி நகராட்சிக்கு நடந்தார்.

பிறகென்ன, கூட்டம். ஸ்கால்பியில் எதற்கும் கூட்டம்தான் தீர்ப்பு. எல்லோரும் ஒத்துப்போகும்வரை யாரும் எழுந்திருக்கக்கூடாது. லவங்கப்பட்டை ரொட்டி தீர்ந்த பிறகு ஒத்துப்போகாமல் இருப்பது அநாகரிகம். மேசையின் தலைப்பக்கத்தில் ப்ரேபென் உட்கார்ந்தார். நடுவில் கறுப்புப் புத்தகம். ஜன்னலோரத்தில் வழக்கம்போல் கேப்டன், போன மாதத்துச் செய்தித்தாளில் கப்பல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு முடியலைன்னா கிளையை மூடிடுவோம்" என்று ப்ரேபென் ரொட்டியைக் கடித்தபடி தொடங்கினார். "முதல்ல ஒரு கேள்வி. இதைப் படிச்சவங்க யார் யாரு?"

"என்ன கேள்வி இது?" என்றார் பாதிரியார். "வீட்டுல எத்தனை இருந்தாலும், பிரசங்கம் எழுத எனக்கு இந்தப் பிரதிதான். எழுத்து பெருசா, கண்ணுக்கு இதமா இருக்கும்."

"எதிராளியைத் தெரிஞ்சுக்காம பேசுவேனா?" என்றார் டோர்கில். "போன குளிர்காலத்துல இதே நாற்காலியில உட்கார்ந்து, இதே புஸ்தகத்தை முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் முடிச்சேன்."

"நான் பென்சில் வெச்சே படிச்சேன்" என்றாள் ரிக்மோர். "ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் தப்பைக் குறிச்சு வெச்சிருக்கேன்."

ப்ரேபென் விபெக்கேயைப் பார்த்தார். அவள் மூடிய புத்தகத்தை நேராக்கி வைத்தாள். "வரி விடாம பார்த்துட்டுத்தானே நான் வகை பிரிக்கறேன்" என்றாள்.

"அப்படின்னா எல்லாருமே தெரிஞ்சவங்க. நல்லது." ப்ரேபென் தட்டைப் பார்த்தார். ஒரே ஒரு ரொட்டிதான் மிச்சம். "மூணு பலகையும் வேணாம். தனியா ஒரு கண்ணாடிப் பெட்டி. மேலே எதுவும் எழுத வேணாம். சம்மதமா?"

மூவரும் கடைசி ரொட்டியைப் பார்த்தார்கள். சம்மதித்தார்கள். விபெக்கேக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சந்தோஷம். சமாதானத்துக்கு அடையாளமா முதல் வரியைப் படிச்சிடுங்க பாதிரியாரே. கிளை தப்பிச்சுதுன்னு நானும் எழுதிக் கொடுத்துடறேன்."

பாதிரியார் எழுந்து, தொண்டையைச் செருமி, கொக்கியை அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். நகத்தால் நெம்பினார். டோர்கில் வாங்கித் தன் வெள்ளிச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கொக்கி அசையவில்லை. மேசையெங்கும் பச்சைக் களிம்புத் தூள் உதிர்ந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"போன வாரம்கூட நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பாதிரியார்.

"ஆமாமா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் டோர்கில்.

"உலோகம் ஈரத்துல விரியும். அறிவியல்தான்" என்றாள் ரிக்மோர்.

சண்டை தொடங்கிய நாள் முதல் அந்த மூவரும் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் முறை.

"கத்தி இருக்கு, கொடுங்க" என்று கேப்டன் தபானி எழுந்து வந்தார். பேனாக்கத்தியின் முனையை விட்டு ஒரு திருகு திருகினார். பட்டென்று கொக்கி விடுபட்டது. முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. முகம் மலர்ந்தது. அப்புறம் விபெக்கேயைப் பார்த்து, கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்:

"தினமும் வந்து கேட்டேன், இல்லவே இல்லைன்னு சொன்னீங்களேம்மா. இது முழுக்க முழுக்க ஃபின்னிஷ்லதானே இருக்கு?"