நேர்ந்துகொண்ட கோயில்

"இதுவும் இல்ல" என்றார் மாமியார்.

மூன்றாவது கோயில். சிவப்புச் சுவர், வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், முற்றத்தில் ஊதுபத்திப் புகையிலேயே வயதாகிவிட்ட ஒரு மரம். பெய்லான் குடையை ஒரு கையிலும் மாமியாரின் முழங்கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாப் பாருங்கம்மா. சிவப்புச் சுவர்னு சொன்னீங்க, இருக்கு. சிங்கம்னு சொன்னீங்க, இருக்கு. மரமும் இருக்கு."

"அது எல்லாக் கோயில்லயும்தான் இருக்கு. என் கோயில் சிங்கத்துக்கு மூஞ்சி சாந்தமா இருக்கும்."

"சிங்கம் எப்படிம்மா சாந்தமா இருக்கும்?" என்றான் ஹைதாவ், கார் சாவியை விரலில் சுழற்றியபடி.

"உங்க அப்பா இருந்தாருல்ல? உறுமுவாரு, கடிக்க மாட்டாரு. அந்த மாதிரி."

போன இலையுதிர் காலத்தில் முதியோர் மன்றத்துப் பேருந்தில் மூன்று நாள் சுற்றுலா போனபோது, மாமியார், தான் பார்த்ததாகச் சொன்ன ஏழு கோயில்களில் ஏதோ ஒன்றில், பேத்தி நிங்நிங்கின் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக நேர்ந்துகொண்டு வந்திருந்தார். போன வாரம் மதிப்பெண் வந்தது. நான்ஜிங்கில் நல்ல கல்லூரியே கிடைக்கும். கேட்டது கிடைத்துவிட்டால், கேட்ட அதே இடத்துக்குத் திரும்பிப் போய் நன்றி சொல்லியாக வேண்டும். வானிலை அறிவிப்பைத் தவிர வேறெதையும் நம்பாத ஹைதாவ்கூட இதில் வாதாடவில்லை. நான்கு நாள் விடுப்பு போட்டான். ஷான்ஷி மாகாணத்தின் பழைய ஊர்களையும் கோயில்களையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வருவதாகக் குடும்பம் கிளம்பியது.

ஆனால் அது குடும்பமாக இல்லாமல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெய்லானும் ஹைதாவும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு விவாகரத்துச் செய்துகொண்டார்கள். திரும்பும் வழியில் அவன் காரை நிறுத்தி, வீட்டில் வெங்காயத்தாள் தீர்ந்துவிட்டது என்று ஒரு கட்டு வாங்கினான். சண்டை எதுவும் இல்லை. பேச்சு தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். பெண்ணின் தேர்வு முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒரே வீட்டில் இருந்தார்கள். குறட்டையைச் சாக்காக வைத்து அவன் படிக்கும் அறையில் மடக்குக் கட்டிலில் படுத்தான்.

வருகிற முதல் தேதி பெய்லான் ஆற்றுக்கு மேற்கே ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறாள். அவன் தெற்கே ஷென்ஜெனுக்கு மாற்றல் வாங்கிவிட்டான். அம்மாவை அவன் அழைத்துப் போவான். இது அம்மாவிடம் கேட்காமலே எடுத்த முடிவு. இந்தப் பயணம் முடிவதற்குள் அம்மாவிடம் அவன் சொல்ல வேண்டும், பெண்ணிடம் அவள் சொல்ல வேண்டும். முதலில் அம்மா.

ஒரு நாள் போயிருந்தது, இது இரண்டாம் நாள். அவன் இன்னும் சொல்லவில்லை.

"எந்தக் கோயிலா இருந்தா என்னம்மா? உள்ள இருக்கிறது அதே குவான்யின் தாய்தானே" என்றாள் பெய்லான். "இங்கேயே ஒரு கும்பிடு போட்டு நன்றி சொல்லிடுங்க."

"பக்கத்து வீட்டுல வாங்கின அரிசியை எதிர் வீட்டுல கொண்டு குடுப்பியா?" என்றார் மாமியார். ஆனாலும் உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து முகம் மலர வெளியே வந்தார்.

"சொல்லிட்டேன். வந்தது வந்தோம்னு மூட்டு வலிக்கும் ஒரு வார்த்தை போட்டு வெச்சேன்."

நிங்நிங் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "பாட்டி, அப்போ மூட்டு வலி போச்சுன்னா நன்றி சொல்ல இங்கயும் வரணுமே?"

"வரணும்தான்."

"போகலேன்னா?"

"போகலேன்னு சொல்ல வரணும்."

நான்காவது கோயிலும் இல்லை. அங்கே அவர் வழியில் லாரி எதுவும் மோதக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். பிங்யாவ் என்ற பழைய ஊரின் கோட்டை வாசலை அடைவதற்குச் சற்று முன், நிலக்கரி ஏற்றிய ஒரு லாரி அவர்கள் காரை உரசாமல் உரசிக்கொண்டு போனது. மாமியார் ஹைதாவின் தோளைத் தட்டினார்.

"திருப்பு."

"எங்கே?"

"கேட்டேன், குடுத்துட்டாங்க. நன்றி சொல்ல வேணாமா?"

நாற்பது கிலோமீட்டர் பின்னால் போய்விட்டு மறுபடி நாற்பது கிலோமீட்டர் வந்தபோது அந்த மதியம் முடிந்திருந்தது. பெய்லான் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டாள். தன்னிடம் மிச்சமிருந்த மூன்று நாளில் ஒன்று கழிந்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

காரில் மாமியார் அவளைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். விடுதியிலும் "எனக்கு இவ கூட இருக்கட்டும், அவன் குறட்டை விடுவான்" என்று அவளைத்தான் தன் அறைக்கு இழுத்துக்கொண்டார். ஹைதாவிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. ஆகவே இருவரும் முற்றத்துத் தூபக் கொப்பரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று செய்தி அனுப்பிக்கொண்டார்கள்.

"இன்னைக்குச் சொல்லிடு."

"சாப்பிட்ட அப்புறம்."

"நேத்தும் அதான் சொன்ன."

"நேத்து அவங்க வயிறு சரியில்ல."

"இன்னைக்கு என்ன சரியில்ல?"

"என் வயிறு."

கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் இத்தனை செய்தி அவர்கள் அனுப்பிக்கொண்டதில்லை. நிங்நிங் அதையும் கவனித்துவிட்டாள்.

"பாட்டி, இங்க பாருங்களேன்! பத்தடி தூரத்துல நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் மெசேஜ் அனுப்பிக்கிறாங்க. புதுசா காதலிக்கிறவங்க மாதிரி. வெக்கமே இல்ல."

"விடு. ஏதோ பேசிக்கிறாங்களே, அதுவே பெருசு" என்றார் மாமியார்.

அன்று மாலை நூடுல்ஸ் கடையில் அவர் தன் பையிலிருந்து சொந்த வினிகர் பாட்டிலை எடுத்தார். கடைக்காரனிடம் "உன்னுதுல தண்ணி" என்றார். பிறகு பெய்லானின் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "இவ்வளவு மெதுவா சாப்பிட்டா நூடுல்ஸ் ஊறிப் போகும், உனக்கு எத்தனை தடவை சொல்றது" என்றார்.

பத்தொன்பது வருடமாக இப்படித்தான். பெய்லான் பிடிக்கும் கொழுக்கட்டையின் மடிப்பு அவருக்குச் சரிப்பட்டதே இல்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவள் மடித்ததைப் பிரித்து அவர் மறுபடி மடிப்பார். முதல் தேதிக்குப் பிறகு அவளுடைய மடிப்பைக் குறை சொல்ல இந்த உலகத்தில் யாருக்கும் உரிமை இருக்காது. அதை நினைத்தால் விடுதலையாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். நினைத்துப் பார்த்தாள். நூடுல்ஸ் ஊறிப் போயிருந்தது.

மறுநாள் காலை அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். அந்தச் சுற்றுலாவை நடத்திய கெங் அக்காவுக்கே காரிலிருந்து போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தது அவளுடைய தப்பு.

"ஏழு கோயில்னா சொன்னாங்க? ஒம்பது!" என்றாள் கெங் அக்கா. "போட்டோ அனுப்பறேன், பாரு. ஆமா பெய்லான், ஆத்துக்கு மேற்குப் பக்கம் வாடகைக்கு வீடு பாத்துக்கிட்டு இருந்தியாமே? என் தங்கச்சி பாத்தாளாம். வீடு மாத்தறீங்களா?"

பெய்லானுக்கு இருமல் வந்தது. வராவிட்டாலும் வரவழைத்திருப்பாள். ஹைதாவ் காரணமில்லாமல் ஹாரன் அடித்தான்.

"இல்லக்கா... ஒரு தோழிக்காகப் பாத்தேன்."

"அந்தக் கட்டடத்துல லிப்ட் இருக்கா?" என்றார் மாமியார், ஜன்னலுக்கு வெளியே சோளக்காட்டைப் பார்த்தபடி.

"யாரோ தோழி வீட்டுல லிப்ட் இருந்தா உங்களுக்கு என்னம்மா?" என்றான் ஹைதாவ்.

"தோழிக்கும் மூட்டு இருக்கும்ல?"

கெங் அக்காவின் ஒன்பது படங்களிலும் ஒன்பது சிவப்புச் சுவர்கள் இருந்தன. ஒன்பதிலும் முப்பது முதியவர்கள் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி போட்டு இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் படத்தையும் பார்த்து மாமியார் "இதுதான்" என்று சொல்லவில்லை.

ஐந்தாவது கோயில் வாசலில் பெய்லான் துணிந்து ஒரு காரியம் செய்தாள். மாமியார் காரிலிருந்து இறங்கும் முன்பே ஊதுபத்திக் கடைக்காரனிடம் ஓடி, அவன் கையில் இருபது யுவானை அழுத்தினாள். "அந்த அம்மாவைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கங்க. போன வருஷம் இங்க வந்தாங்கன்னு சொல்லுங்க. போதும்."

அவன் வாங்கிய காசுக்கு மேலேயே உழைத்தான்.

"அடடே, வாங்க வாங்க! போன வருஷம் வந்தீங்களே, மறப்பேனா? தாத்தாவும் நீங்களுமா கை கோத்துக்கிட்டு..."

மாமனார் இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

ஹைதாவ் தரையைப் பார்த்தான். நிங்நிங் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் மட்டும் அசையவில்லை. கடைக்காரனை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தார்.

"எந்தப் பக்கம் நின்னாரு?"

"இ... இடது பக்கம்."

"சரிதான். அவரு அந்தப் பக்கம்தான் நிப்பாரு." மாமியார் பெருமூச்சு விட்டார். "என் கண்ணுக்குத் தெரியாம கூடவே வந்திருக்காரு, பாத்தியா பெய்லான். அவரு தனியா என்ன வேண்டிக்கிட்டாரோ, அதுக்கும் சேத்து நன்றி சொல்லணுமே."

அந்த நன்றி மாலைவரை நீண்டது. இறந்தவருக்குப் போய்ச் சேர எரிக்க வேண்டிய எல்லாவற்றையும் ஊதுபத்திக் கடைக்காரனே விற்றான். காகிதப் பணம், காகிதச் சட்டை, நான்கு அறைகளும் வாசலில் காருமாக ஒரு காகித வீடு. எரியும் வீட்டுக்கு முன்னால் சாம்பல் கண்ணில் விழ நின்றுகொண்டிருந்த பெய்லானுக்கு, தான் இந்தப் பயணத்தில் எதைச் சரிசெய்யப் போனாலும் அது இன்னொரு வேலையாகப் பெருகி வருவது புரிந்தது. அவள் கல்யாணமும் அப்படித்தான் இருந்தது. அழுகை வந்தது. புகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசிச் சாம்பலும் அடங்கிய பிறகு மாமியார் கையைத் தட்டிக்கொண்டார். "ஆனா இது இல்ல. என் கோயில் மலை மேல இருக்கு."

"மலையா!" ஹைதாவின் குரல் கிறீச்சிட்டது. "மூணு நாளா அதைச் சொல்லவே இல்லியே!"

"நீங்க யாரும் கேக்கலியே."

நான்காவது நாள், கடைசி நாள். காலையில் காரைக் கிளப்பும் முன் ஹைதாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "என்னால முடியல. நீயே சொல்லிடு. உன்னைத்தான் அவங்களுக்குப் பிடிக்கும்." பெய்லான் அதை மூன்று முறை படித்தாள். முதல் இரண்டு வாக்கியத்துக்கும் கோபப்பட அவளிடம் தெம்பில்லை. பத்தொன்பது வருடமாக அவள் கேட்டு வந்தவைதான். மூன்றாவது பொய் என்பதுதான் வலித்தது. அந்த அம்மாவுக்கு அவளைப் பிடித்ததாக எந்த அறிகுறியும் அவள் இதுவரை கண்டதில்லை. அப்படியிருந்தும், இன்று சாயங்காலத்துக்குள் அந்த முகத்துக்கு நேராக "நான் இனி உங்க மருமகள் இல்லை" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதெல்லாம் அது பாதிக்கு மேல் போகவில்லை.

மலைப்பாதையில் வழி இரண்டாகப் பிரிந்தது. கைப்பேசி வலப்பக்கம் போகச் சொன்னது.

"இடது" என்றார் மாமியார்.

"எப்படித் தெரியும்?" என்றாள் நிங்நிங்.

"கால் சொல்லுது."

"கார்லதானே பாட்டி உக்காந்திருக்கீங்க?"

"பேசாம வா."

சின்னக் கோயில். சுவரில் சிவப்பு பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு பருத்த பிக்குணி தொட்டியில் வெள்ளரிக்காய் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்தாள்.

"வந்துட்டீங்களா! ஒரு வழியா வந்துட்டீங்களா!"

பெய்லான் திரும்பி ஹைதாவை முறைத்தாள். இவளுக்கும் காசு கொடுத்துவிட்டானா? அவன் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் வெளியவே இருங்க" என்றார் மாமியார் மகனிடமும் பேத்தியிடமும். "பெய்லான், நீ மட்டும் வா."

குவான்யின் சன்னதியில் மாமியார் இரண்டு மெத்தைகளை அருகருகே இழுத்துப் போட்டார். ஒன்றில் முக்கி முனகி மண்டியிட்டார். பக்கத்து மெத்தையைக் கையால் தட்டினார், குழந்தையைக் கூப்பிடுவதுபோல.

பெய்லானால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. மனிதர்களிடம் ஐந்து மாதம் பொய் சொல்லியாயிற்று. குவான்யினின் இந்த முகத்துக்கு முன்னால், மருமகள் என்று மண்டியிட்டு, இன்னொரு பொய்யா? அவள் பின்வாங்கி முற்றத்துக்கு வந்தாள். பிக்குணியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குருவம்மா, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. எதையாவது சொல்லி என்னை அங்கிருந்து தப்ப வையுங்க. நானும் அவங்க பையனும் விவாகரத்து ஆகி அஞ்சு மாசம் ஆச்சு. அவங்களுக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் சொல்லணும், சொல்ல வாய் வரல. அவங்க பாவம், பேத்தி பரிட்சை பாஸாயிட்டான்னு நன்றி சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. அவங்க மருமகள்னு சொல்லிக்கிட்டு நான் எப்படிப் பக்கத்துல மண்டி போடறது?"

பிக்குணி அவளை வினோதமாகப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"பரிட்சையா? அதைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை கேக்கலியே. 'ரெண்டும் பிரியறதுன்னா பிரிஞ்சுக்கட்டும், என்னை மட்டும் மருமக பக்கம் சேத்து விட்டுடு தாயே'ன்னுதான் போன வருஷம் இங்க விழுந்து அழுதாங்க. இன்னைக்கு உங்களையும் கையோட கூட்டிக்கிட்டு நன்றி சொல்ல வந்திருக்காங்களே, அப்போ நீங்க இன்னும் சரின்னு சொல்லலியா?"